வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் வைட்டமின் டி ஏன் குறைகிறது?

ஆபீஸில் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் போனுக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது சுகரையும் கொலஸ்ட்ராலையும்தான். இரண்டும் நார்மல். அப்பாடா என்று கீழே நகர்த்தினால், கடைசிப் பக்கத்தில் ஒரு எண் மட்டும் சிவப்பில் நிற்கிறது. வைட்டமின் டி: 11. பக்கத்திலேயே ‘குறைபாடு’ என்ற குறிப்பு.

‘சென்னையில இருந்துக்கிட்டு வெயில் பத்தலையா?’ என்று வீட்டில் சிரிப்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களை விட்டுவிட்டால் வருடம் முழுக்க வெயில் அடிக்கும் ஊர் இது. ஆனால், வெயில் அடிக்கும் ஊரில் வாழ்வது வேறு. வெயில் உடம்பில் படுவது வேறு. நம்மில் பலருக்கு முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. எந்த நேர வெயில் வேண்டும், எவ்வளவு வேண்டும், மாத்திரை போட்டால் போதாதா? பார்ப்போம்.

வெயில் தோலில் என்ன செய்கிறது?

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. தரைக்கு வந்து சேரும் அந்தக் கதிர்களில் இரண்டு வகை: ‘ஏ’, ‘பி’. நம் கதைக்கு முக்கியமானது ‘பி’. இது தோலில் படும்போது, அங்கே ஏற்கெனவே இருக்கும் கொலஸ்ட்ரால் வகைப் பொருள் ஒன்று மாற்றமடைந்து வைட்டமின் டி3 ஆகிறது. அது ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம், பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். அதன் பிறகுதான் உடம்பு அதைப் பயன்படுத்த முடியும்.

உடம்பே தயாரித்து, ரத்தம் வழியாக அனுப்பி, தூரத்தில் இருக்கும் உறுப்பில் வேலை செய்ய வைப்பதால், இதை வைட்டமின் என்பதைவிட ஹார்மோன் என்பதே பொருத்தம் என்பார்கள் மருத்துவர்கள். இதன் தலையாய வேலை, நாம் சாப்பிடும் உணவிலிருந்து கால்சியத்தைக் குடல் உறிஞ்ச உதவுவது. வைட்டமின் டி போதுமான அளவு இருந்தால் உணவில் உள்ள கால்சியத்தில் 30 முதல் 40 சதவீதம் வரை உடம்பில் சேரும். இல்லாவிட்டால் 10 முதல் 15 சதவீதம்தான். பாலும் கேழ்வரகும் சாப்பிட்டும் எலும்புக்குப் பலன் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

வெயிலுக்கும் எலும்புக்கும் தொடர்பு எப்படித் தெரிந்தது?

ஐரோப்பாவில் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில், புகை மண்டிய நகரங்களின் நெருக்கமான சந்துகளில் வளர்ந்த குழந்தைகளுக்குக் கால் எலும்பு வில்லாக வளைந்தது. ரிக்கெட்ஸ் என்று பெயர். வார்சா நகரத்துக் குழந்தைகளுக்கு வரும் இந்த நோய் சுற்றியுள்ள கிராமத்துக் குழந்தைகளுக்கு அவ்வளவாக வருவதில்லை என்பதை 1822-ல் கவனித்தார் ஸ்னியாடெட்ஸ்கி என்ற போலந்து மருத்துவர். வெயில்தான் மருந்து என்று அவர் சொன்னதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கிட்டத்தட்ட 100 ஆண்டுகள் கழித்து, 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கின் ஒளியைக் காட்டினார். எலும்புகள் தேறின. ஒரு கையில் மட்டும் ஒளியைக் காட்டியபோதும் இரண்டு கைகளின் எலும்பும் சரியாகின. அதாவது, ஒளி படும் இடத்தில் உருவாகும் ஏதோ ஒன்று ரத்தம் வழியாக உடம்பு முழுக்கப் போகிறது என்று புரிந்தது. 1922-ல் அமெரிக்க விஞ்ஞானி மெக்காலம், மீன் எண்ணெயில் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தும் பொருள் வைட்டமின் ஏ அல்ல, வேறொன்று என்று காட்டினார். ஏ, பி, சி வரிசையில் அடுத்து வந்ததால் அதற்கு ‘டி’ என்று பெயர்.

எந்த நேர வெயில்?

‘காலையில ஆறு மணிக்கு மொட்டை மாடியில நடக்கிறேன், அப்புறமும் எப்படிக் குறையும்?’ என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இங்கேதான் பெரிய குழப்பம். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி காற்று மண்டலத்தில் சாய்வாக, நீண்ட தூரம் பயணம் செய்து வருகிறது. வழியிலேயே ‘பி’ கதிர்களை ஓசோன் உறிஞ்சிவிடுகிறது. நம்மை வந்து சேரும் இளவெயிலில் வெளிச்சம் இருக்கும், வைட்டமின் டி தயாரிக்கும் சரக்கு அநேகமாக இருக்காது.

இதைச் சென்னைக்கு அருகில், ஏறக்குறைய அதே அட்சரேகையில் இருக்கும் திருப்பதியிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தோலில் இருக்கும் அந்த மூலப்பொருளைச் சிறிய குப்பிகளில் அடைத்து, காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மணிக்கு ஒன்றாக வெயிலில் வைத்து, எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வின்படி, காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைதான் மாற்றம் அதிகம். நாம் குடை தேடும் நேரம்தான் அது.

கையில் கடிகாரம் இல்லாவிட்டாலும் ஒரு சுலபமான வழி உண்டு. உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் வைட்டமின் டி பெரிதாகத் தயாராகாது. உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் தயாராகும். சென்னையில் சித்திரை மாதத்தில் காலை 9 மணி வாக்கிலேயே நிழல் குட்டையாகத் தொடங்கிவிடும். மார்கழியில் அதற்குப் பத்தரை மணி ஆகிவிடும். கோடையில் உச்சி வெயில் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

அப்படியும் ஏன் குறைகிறது?

ஒரு சாதாரண வேலைநாளை எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்டில் இறங்கினால் அடித்தளப் பார்க்கிங். அங்கிருந்து கார் அல்லது கேப். ஓஎம்ஆர் சிக்னலில் ஜன்னல் வழியாக வெயில் சுளீரென்று அடிக்கும். ஆனால் சாதாரணக் கண்ணாடி ‘பி’ கதிரைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடும். ‘ஏ’ கதிரை மட்டும் உள்ளே விடும். ‘ஏ’ தோலைக் கருக்கச் செய்யும், சுருக்கம் வரவைக்கும். வைட்டமின் டி மட்டும் தராது. கண்ணாடிக் கட்டடத்தில் ஜன்னலோர சீட் கிடைத்தவருக்கும் இதே கதைதான்.

ஸ்கூட்டரில் போகிறவர்களுக்காவது கிடைக்குமா என்றால், தலையில் ஹெல்மெட், முகத்தைச் சுற்றித் துப்பட்டா, முழங்கை வரை கிளவுஸ். நாள் முழுக்க ரோட்டில் திரியும் டெலிவரி ஊழியர்களும் முழுக்கை சட்டைக்குள்தான் இருக்கிறார்கள். வெயிலில் இருந்தாலும் தோலில் வெயில் படுவதில்லை.

நம் தோலின் நிறமும் ஒரு காரணம். மெலனின் என்ற நிறமி இயற்கை கொடுத்த சன்ஸ்கிரீன். அது கதிர்களை உறிஞ்சித் தோலைக் காக்கிறது. அதனாலேயே, வெளுத்த தோல் சில நிமிடங்களில் தயாரிக்கும் அளவு வைட்டமின் டி-யைத் தயாரிக்கக் கறுத்த தோலுக்குச் சில மடங்கு அதிக நேரம் தேவைப்படுகிறது. ‘பத்து நிமிஷம் போதும்’ என்று வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லும் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. போதாததற்கு நகரத்துப் புகையும் தூசும் கதிர்களைக் குறைக்கின்றன. வயது கூடக்கூடத் தோலின் தயாரிப்புத் திறனும் குறைகிறது.

இதற்குச் சரியான உதாரணம் 2000-ம் ஆண்டு டெல்லியிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு. ஆரோக்கியமாக இருந்த சில பிரிவினரின் ரத்தத்தை அதில் பரிசோதித்தார்கள். வெயிலில் பயிற்சி செய்யும் ராணுவ வீரர்களுக்கு வைட்டமின் டி ஓரளவு நன்றாக இருந்தது. மருத்துவமனைக்குள்ளேயே பொழுதைக் கழிக்கும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் அதைவிட மிகக் குறைவாக இருந்தது. சத்தைப் பற்றி ஊருக்கே சொல்பவர்களுக்கே இந்த நிலை என்றால், இது அறியாமையால் மட்டும் வருவதில்லை என்று புரியும். வேலை நேரம் எங்கே கழிகிறது என்பதுதான் விஷயம்.

குறைந்தால் என்ன ஆகும்?

குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ். பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகும் நோய். இடுப்பு, முதுகு, தொடையில் மந்தமான வலி, மாடி ஏறும்போதும் தரையிலிருந்து எழும்போதும் தசை ஒத்துழைக்காமை ஆகியவை இதன் அடையாளங்கள். வயதானவர்களுக்குக் கீழே விழுந்தால் எலும்பு முறியும் ஆபத்து கூடும்.

‘எப்பவும் டயர்டா இருக்கு, அதான் வைட்டமின் டி டெஸ்ட் எடுத்தேன்’ என்பது இப்போது அடிக்கடி கேட்கும் வசனம். சோர்வுக்குத் தூக்கமின்மை, ரத்தசோகை, தைராய்டு, மன அழுத்தம் என்று ஏகப்பட்ட காரணங்கள் இருக்கலாம். வைட்டமின் டி குறைவாக இருப்பது தெரிந்ததும் பழியை அதன் மேல் போட்டுவிட்டு மற்றவற்றைத் தேடாமல் விடுவதுதான் ஆபத்து.

ரிப்போர்ட்டில் வரும் எண்ணை எப்படிப் படிப்பது?

பரிசோதிப்பது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி எனப்படும், கல்லீரலில் மாறிய வடிவத்தை. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை நானோகிராம் என்று எண் வரும். 12-க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு மேல்தான் சர்ச்சை. ஏறக்குறைய எல்லோருடைய எலும்பு ஆரோக்கியத்துக்கும் 20 போதும் என்று 2011-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் சொன்னது. அதே ஆண்டில் அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 30 இருந்தால்தான் போதுமானது என்றது. பல லேப்கள் இந்த இரண்டாவது கணக்கைப் பிடித்துக்கொண்டன. ஒரே ரத்தம், ஒரு கணக்கில் நார்மல், இன்னொன்றில் ‘போதாது’.

2024-ல் அதே எண்டோகிரைன் சொசைட்டி தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. 30 என்ற அந்த எல்லையைத் தாங்கள் இனி ஆதரிக்கவில்லை என்றும், ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாக இந்த டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. ஆகவே 24 என்று வந்தால் பதற வேண்டாம். 9 என்று வந்தால் அலட்சியம் வேண்டாம்.

எலும்பு வலி, தசை பலவீனம் உள்ளவர்கள், சிறுநீரக அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு அல்லது வலிப்பு மருந்துகளை நீண்ட நாள் எடுப்பவர்கள், வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்கள் ஆகியோர் டாக்டர் சொன்னால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். தாய்ப்பாலில் இந்த வைட்டமின் குறைவு என்பதால், பிறந்த குழந்தைக்கு முதல் வருடம் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். அதைத் தவறவிடக் கூடாது.

மாத்திரை போட்டால் போதாதா?

நம் மெடிக்கல் ஷாப்களில் பிரபலமானது 60,000 யூனிட் சாஷே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, வெயில் அதிகம் கிடைக்காத ஒரு பெரியவருக்கு ஒரு நாள் தேவை 600 யூனிட். கணக்குப் போட்டால், ஒரு சாஷே என்பது 100 நாள் தேவை. குறைபாடு உள்ளவருக்கு வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் என்று டாக்டர்கள் எழுதுவதுண்டு. அது சிகிச்சை. ‘வாரம் ஒன்று’ என்பதைத் ‘தினம் ஒன்று’ என்று தப்பாகப் புரிந்துகொண்டோ, எட்டு வாரம் முடிந்தும் நிறுத்தாமலோ தொடர்ந்தால், அதுவே நஞ்சாகலாம்.

இது கொழுப்பில் கரையும் வைட்டமின். அதிகமானால் சிறுநீரில் வெளியேறிவிடாது, உடம்பிலேயே தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல், குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் வரை போகும். வெயிலில் இந்த ஆபத்து இல்லை. தேவைக்கு மேல் உருவாவதைத் தோலே வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. வெயிலில் அதிகம் நின்றால் தோல் கருகலாம், மயக்கம் வரலாம். வைட்டமின் டி மட்டும் எல்லை மீறாது.

சரி, குறைபாடு இல்லாதவர் ஒரு பாதுகாப்புக்காகப் போட்டுக்கொள்ளலாமா? அமெரிக்காவில் நடந்த ‘வைட்டல்’ என்ற ஆய்வு இதற்குத்தான் விடை தேடியது. நடுவயதைத் தாண்டிய 25,871 பேர், தினமும் 2,000 யூனிட் அல்லது வெற்று மாத்திரை, சுமார் ஐந்து ஆண்டுகள். 2018-ல் வெளியான முடிவில், புற்றுநோய் வருவதும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதும் குறையவில்லை. 2022-ல் வெளியான தொடர் முடிவில் எலும்பு முறிவும் குறையவில்லை. இவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆக, இல்லாதவருக்குக் கொடுத்தால் மருந்து. இருப்பவருக்கு மேலும் கொடுத்தால் அனேகமாக வீண் செலவு.

அப்படியானால் காலை வெயில் வீணா?

இல்லவே இல்லை. அது செய்யும் வேலை வேறு. கண்ணுக்குள் வரும் காலை வெளிச்சம்தான் மூளையில் இருக்கும் உடல் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்கிறது. ‘பொழுது விடிந்தது’ என்ற செய்தி மூளைக்குச் சரியான நேரத்தில் போனால், ராத்திரி தூக்கம் வரவைக்கும் மெலடோனின் சரியான நேரத்தில் சுரக்கும். உள்ளே உட்கார்ந்தால் பளிச்சென்று தெரியும் ஆபீஸ் விளக்குகூட, வெளியே இருக்கும் வெளிச்சத்தில் சிறு பங்குதான். இரவு வெகுநேரம் போனும் கையுமாக இருந்துவிட்டுக் காலையில் எழ முடியாமல் தவிப்பவர்கள், எழுந்ததும் பால்கனியில் கால் மணி நேரம் காபியோடு நின்று பார்க்கலாம்.

குழந்தைகளின் கண்ணுக்கும் பகல் வெளிச்சம் வேண்டும். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே அனுப்பிய பள்ளிகளில் 30.4 சதவீதம். இதற்குச் சுட்டெரிக்கும் வெயில் தேவையில்லை. மரத்தடி நிழலில் விளையாடினாலும் வெளிச்சம் கிடைக்கும். விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுக்கும் பள்ளிகள் இதைக் கவனிப்பது நல்லது.

சாப்பாட்டில் கிடைக்காதா?

கொஞ்சம் கிடைக்கும். மத்தி, அயிலை போன்ற கொழுப்புள்ள மீன்களில் நன்றாகவே உண்டு. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட். 600-ஐ முட்டையிலேயே எட்ட வேண்டுமென்றால் ஒரு நாளைக்குப் பதினைந்து சாப்பிட வேண்டும்! சைவத்தில் வெயில் காட்டிய காளானைத் தவிர இயற்கையாகக் கிடைப்பது அரிது. அதனால்தான் பாக்கெட் பாலிலும் சமையல் எண்ணெயிலும் வைட்டமின் ஏ, டி சேர்க்கிறார்கள். பாக்கெட்டில் ‘பிளஸ் எஃப்’ என்ற நீல நிற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே கால்சியமும் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. வாரத்தில் சில நாள் கூழோ களியோ ராகி தோசையோ நல்ல பழக்கம்.

கோடையில் என்ன செய்வது?

பகல் 12 முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள் என்று ஒவ்வொரு கோடையிலும் எச்சரிக்கிறார்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே 2024-ல் அறிவித்திருக்கிறது தமிழ்நாடு அரசு. வைட்டமின் டி-க்காக அந்த எச்சரிக்கையை மீற வேண்டாம். மீறத் தேவையும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் 9 மணிக்கு மேலேயே நிழல் குட்டையாகிவிடுவதால், ஒன்பதரை, பத்து மணி வெயிலே போதும். மற்ற மாதங்களில் 11 மணி டீ பிரேக்கை வெளியே வைத்துக்கொள்ளலாம்.

• கை, முன்னங்கை, முடிந்தால் கால் ஆகியவற்றில் வெயில் படட்டும். முகத்துக்கு சன்ஸ்கிரீன் போட்டுக்கொள்ளலாம்.

• மாநிறத் தோலுக்கு 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் மூன்று, நான்கு நாள். தோல் எரியத் தொடங்கினால் உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள்.

• கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து காய்வதில் பயனில்லை.

• நைட் ஷிஃப்ட்காரர்கள், வெயில் ஒவ்வாமை உள்ளவர்கள், வெளியே போக வழியில்லாதவர்கள் டாக்டரிடம் கேட்டுத் தினசரி அளவில் மாத்திரை எடுப்பதே சரி.

• 60,000 யூனிட் சாஷேவை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். வீட்டில் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்ததைப் பகிர்ந்துகொள்ளவும் வேண்டாம்.

இதில் தனிமனிதர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். லஞ்சுக்கு ஒரு திறந்த முற்றம், டீ குடிக்க நிழலும் வெயிலும் கலந்த ஓர் இடம், இருபது நிமிடம் எழுந்து போனால் முகம் சுளிக்காத மேனேஜர் எல்லாம் சேர்ந்தால்தான் நடக்கும். செக்கப் பேக்கேஜுக்குக் காசு கட்டும் நிறுவனங்கள், ரிப்போர்ட்டில் சிவப்பில் வரும் அந்த எண்ணுக்கு இதையும் ஒரு மருந்தாக யோசிக்கலாம். மொட்டை மாடியின் பூட்டைத் திறந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.